தென்னை நார் சத்தத்தை எவ்வளவு குடிக்கும்? வீட்டிலேயே குழாய் செய்து அளக்கும் முறை

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒத்திகைக்கு ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்களாம். உள்ளே அடித்தால் அடிப்பவருக்கே காது அடைக்கிறது, சுவரில் எதையாவது ஒட்ட வேண்டும், எதை ஒட்டலாம் என்று கேட்டார்கள். ஒருவன் முட்டை அட்டை என்றான். இன்னொருவன் ஸ்பாஞ்ச் என்றான். மூன்றாமவன் தாத்தாவின் பழைய தென்னை நார் மெத்தையில் ஒரு துண்டைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். "எதுண்ணே நல்லாக் குடிக்கும்?"

எனக்கும் தெரியவில்லை. அளந்துதான் சொன்னேன். அளந்த விதத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். ஒலியியல் படித்தவனில்லை. ஆகவே இதில் கணக்கு குறைவாகவும் குழாய் அதிகமாகவும் இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சத்தத்தை உறிஞ்சுவதும் சத்தத்தைத் தடுப்பதும் வேறு வேறு வேலைகள். நாரும் பஞ்சும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். ஆனால் அவற்றில் காற்று புகுந்து போகும், சத்தமும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதை நிறுத்த எடை வேண்டும்: செங்கல், தடித்த பலகை, இடுக்கில்லாத கதவு. பையன்களிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

துளைக்குள் என்ன நடக்கிறது

ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. நாருக்குள் அந்தக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கிறது. இழையின் மேல் உரசுகிறது, உரசலில் ஒலியின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிறது. எவ்வளவு சக்தி போகும் என்பதை முக்கியமாக இரண்டு குணங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று துளை விகிதம்: மொத்தக் கன அளவில் காற்றுக்கு எத்தனை பங்கு. இன்னொன்று காற்றோட்டத் தடை: காற்று உள்ளே நுழைந்து வெளியேற எவ்வளவு சிரமப்படுகிறது. துளைகள் நேராகப் போகின்றனவா, சுற்றி வளைத்துப் போகின்றனவா என்பது போன்ற நுணுக்கங்களும் உண்டு. புதியவர்கள் இப்போதைக்கு அவற்றை மறந்துவிடலாம்.

துளை விகிதத்துக்குச் சமையலறைத் தராசு போதும். என் துண்டு வட்டமானது, குறுக்களவு 104 மில்லிமீட்டர், தடிமன் 50 மில்லிமீட்டர், கன அளவு ஏறக்குறைய 425 கன சென்டிமீட்டர். எடை 38 கிராம் வந்தது. ஆகவே ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.09 கிராம். தென்னை இழை மட்டும் என்றால் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.15 கிராம் இருக்கும். வகுத்தால் இழைக்கு 8 விழுக்காடு, மீதி 92 விழுக்காடு காற்று. தடிமனாகக் கைக்குத் தெரிகிற அந்த மெத்தை பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

காற்றோட்டத் தடைதான் கைக்குச் சிக்காது. தண்ணீர் வடியும் பாட்டிலால் காற்றை இழுத்து, துண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 100 வினாடியில் 1 லிட்டர் வேகத்தில் இழுத்தால் இந்த நாரில் அழுத்த வித்தியாசம் ஒரு பாஸ்கலில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும். மேசையில் கிடக்கும் ஓர் ஏ4 தாள் மேசையை அழுத்தும் அழுத்தத்தில் அது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நீர்மட்டக் குழாயில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் ஒலி அதை எளிதாகக் கண்டுகொள்ளும். இதற்குக் குழாய் கட்ட வேண்டிய காரணமே அதுதான்.

குழாய்

ஒரு முனை மூடிய குழாயில் ஒரே சுருதியில் ஒலியை விட்டால், போகிற அலையும் திரும்புகிற அலையும் சேர்ந்து நிலையலை ஆகும். சில இடத்தில் சத்தம் உச்சம், சில இடத்தில் பள்ளம். 1866இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் குண்ட் குழாய்க்குள் மெல்லிய பொடியைத் தூவி, அது குவிந்த இடங்களை வைத்தே அலையைக் கண்ணுக்குக் காட்டினார். நமக்குப் பொடி வேண்டாம், மைக் இருக்கிறது. மூடிய முனையில் நார் இருந்தால் திரும்பும் அலை பலவீனமாகும், பள்ளம் தூர்ந்துபோகும். பள்ளம் எவ்வளவு தூர்ந்தது என்று பார்த்தால் நார் எவ்வளவு குடித்தது என்று தெரியும். ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் 10534 தரநெறியில் முதல் பாகம் சொல்வது இந்த முறையைத்தான்.

நான் வாங்கியவை: 4 அங்குல பிவிசி குழாய், சுவர் தடித்தது, 1.5 மீட்டர். அதே அளவில் ஒரு டி இணைப்பு. 3 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று. திரைச்சீலைக் கம்பி, மெல்லிய உலோகக் குழலாக இருப்பது, குழாயைவிட ஓரடி நீளம் கூட. சட்டையில் குத்தும் சின்ன மைக். களிமண், வாஸ்லின், அளவு நாடா. ஜெலுத்தோங்கில் ஒரு ஹார்ட்வேர் கடையில் குழாயை வெட்டிக்கொடுத்த சீனப் பெரியவர், "வீட்டில் தண்ணீர் ஒழுகுதா?" என்று மலாயில் கேட்டார். சத்தம் அளக்க என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மொத்தம் 200 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது.

டி இணைப்பு ஏன் என்றால், ஸ்பீக்கரைக் குழாயின் முனையில் வைத்தால் மைக் கம்பி நுழைய வழியில்லை. டியின் பக்கவாட்டு வாயில் ஸ்பீக்கரை உட்கார வைத்து, நேர் வாயை மூடி, அந்த மூடியில் கம்பிக்கு ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள். துளையைச் சுற்றிக் களிமண் அப்ப வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி குழாயை நேரடியாகத் தொடக்கூடாது, நடுவில் ஸ்பாஞ்ச் வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் சத்தம் காற்று வழியாக வராமல் பிளாஸ்டிக் வழியாக ஓடிவரும்.

மைக்கைக் கம்பி நுனியில் கட்டி, மூன்று கேபிள் டைகளைப் பூனை மீசைபோல மூன்று பக்கமும் நீட்டிவிட்டால் அது குழாயின் நடுவிலேயே வழுக்கிக்கொண்டு போகும். கம்பியின் மேல் அளவு நாடாவை ஒட்டிவிடுங்கள். மைக் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்தே படிக்கலாம்.

மூடிய முனை கனமாக இருக்க வேண்டும். பிவிசி மூடி மட்டும் போதாது, அதுவே பறைபோல அதிரும். மூடிக்குள் மூன்று விரற்கடை சிமெண்ட் ஊற்றி ஒரு வாரம் காயவிட்டேன்.

குழாயின் விட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதிர்வெண் கூடக்கூட அலை நீளவாக்கில் மட்டும் போகாமல் குறுக்கிலும் ததும்பத் தொடங்கும். ஒலியின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.58ஆல் பெருக்குங்கள், அதுவே மேல் எல்லை. 104 மில்லிமீட்டர் குழாய்க்கு அது ஏறக்குறைய 1950 ஹெர்ட்ஸ். நான் 1600உடன் நிறுத்திக்கொள்கிறேன். கீழே 250 ஹெர்ட்ஸ் வரை போகலாம். அங்கே அலைநீளம் 1.4 மீட்டர், முதல் பள்ளம் முனையிலிருந்து 35 சென்டிமீட்டரில், அடுத்த உச்சம் 70இல். ஒன்றரை மீட்டர் குழாயில் இரண்டும் தாராளமாக அடங்கும்.

கைப்பேசி செய்யும் குறும்பு

இங்கேதான் நான் இரண்டு வார இறுதிகளைத் தொலைத்தேன். மைக்கைக் கைப்பேசியில் செருகி, டெசிபல் காட்டும் செயலி ஒன்றை இறக்கி அளந்தேன். வந்த சக்தியில் எத்தனை பங்கைப் பொருள் குடித்தது என்று காட்டும் உறிஞ்சு எண்ணை (1 என்றால் முழுவதும்; கணக்கு பின்னால் வரும்) தங்கை மகள் எழுதிக்கொண்டே வந்தாள். ஸ்பாஞ்ச் 0.9. நார் 0.9. முட்டை அட்டையும் 0.9. "மாமா, எதைப் போட்டாலும் ஒரே நம்பர்தான் வருதுலா" என்றாள். அப்போதுதான் ஒன்றுமே வைக்காமல் வெறும் குழாயை அளந்தேன். அதுவும் 0.9. சிமெண்ட் சத்தத்தைக் குடிக்கிறதாம்!

கைப்பேசி பேசுவதற்காகச் செய்த கருவி. மெதுவான சத்தத்தைத் தானாகத் தூக்கிவிடும், உரத்த சத்தத்தை அமுக்கிவிடும். விடாமல் கேட்கும் ஒரே சுருதியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அழித்தும்விடும். நமக்கோ உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர், அதைத்தான் அது சமன்செய்துகொண்டிருந்தது. செயலியின் அமைப்பில் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, இரைச்சல் நீக்கம் இரண்டையும் அணையுங்கள். அணைக்க வழியில்லையென்றால் கணினியில் செருகும் யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கிவிடுங்கள். சோதிப்பது சுலபம்: ஒலி எழுப்பும் செயலியில் 10 டெசிபல் குறையுங்கள். அளக்கும் பக்கமும் 10 குறைய வேண்டும். 6தான் குறைகிறதென்றால் அந்தக் கருவி வேண்டாம்.

வெறும் குழாய்

ஆகவே முதல் அளவு எப்போதும் வெறும் குழாய்க்குத்தான். 500 ஹெர்ட்ஸில் ஒலியை விட்டு, மைக்கை மூடிய முனைவரை தள்ளி, மெல்ல இழுங்கள். பினாங்கு வெப்பத்தில், 30 பாகையில், ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டருக்குப் பக்கம். அலைநீளம் 70 சென்டிமீட்டர். முதல் பள்ளம் கால் அலைநீளத்தில், அதாவது 17.5 சென்டிமீட்டரில் வர வேண்டும், அடுத்த பள்ளம் அதிலிருந்து 35 தள்ளி. குளிர்சாதனம் போட்ட 24 பாகை அறையில் வேகம் 346க்கு இறங்கும். சின்ன வித்தியாசம்தான், இருந்தாலும் வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளம் மிகக் கூர்மையானது. மைக்கை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் எண் சட்டென்று தாவும். பொறுமையாக முன்னும் பின்னும் ஆட்டி அடிமட்டத்தைப் பிடியுங்கள். வெறும் குழாயில் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் 35 டெசிபலாவது வித்தியாசம் வர வேண்டும். 40 வந்தால் குழாய் அருமை. 25தான் வருகிறதென்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது வெளிச்சத்தம் பள்ளத்தை நிரப்புகிறது.

வெளிச்சத்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாலை மழை தகரத்தில் விழும்போது அளக்காதீர்கள். மின்விசிறியை அணையுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள், பள்ளத்தின் எண் அதைவிட 10 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக் கூடம் ஒன்றின் எதிரொலியைச் சரிசெய்ய 1895இல் நியமிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, ஆர்கன் குழலும் கடிகாரமுமாக நள்ளிரவுக்குப் பிறகு அளந்தார். நான் விடிகாலை 5 மணிக்கு அளக்கிறேன், பசியாறும் முன்பு முடிந்துவிடும்.

துண்டு வெட்டுதல்

குழாயின் மிச்சத் துண்டு ஒன்றின் விளிம்பை அரத்தால் கூராக்கி, நாரின் மேல் வைத்துத் திருகித் திருகி அழுத்தினால் வட்டமாக வரும். தென்னை நார் முரண்டு பிடிக்கும், விளிம்பைக் கத்தரியால் சீவுங்கள். துண்டு குழாய்க்குள் தானே நிற்கும் அளவு போதும். இறுக்கி அடைத்தால் துண்டே விறைத்துக்கொண்டு பறைத்தோல்போல அதிர்ந்து பொய் சொல்லும். தளர்வாக விட்டால் சுற்றிலும் உள்ள இடுக்கு வழியாக ஒலி பின்னால் நழுவும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி, ஓரத்தில் வாஸ்லின் தடவுங்கள். ஒரே மெத்தையிலிருந்து மூன்று துண்டாவது வெட்டுங்கள், மூன்றும் மூன்று விதமாகப் பேசும். வெட்டிய துண்டுகளை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடுங்கள். நம் ஊர்க் காற்றில் தென்னை நாரை ஒரு வாரம் வெளியே வைத்தால் எடையும் மாறும், பூஞ்சணமும் பிடிக்கும்.

அளவும் கணக்கும்

துண்டைச் சிமெண்ட் முனையோடு ஒட்டி வைத்து 250, 315, 400, 500, 630, 800, 1000, 1250, 1600 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றாக அளக்கவும். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: உச்சத்தின் டெசிபல், பள்ளத்தின் டெசிபல், துண்டின் முகத்திலிருந்து முதல் பள்ளம் உள்ள தூரம்.

என் நார்த் துண்டு 500 ஹெர்ட்ஸில் உச்சம் 86, பள்ளம் 64 காட்டியது. வித்தியாசம் 22. அதை 20ஆல் வகுத்து, 10இன் அடுக்காக்கினால் அழுத்த விகிதம் 12.6. இந்த விகிதத்தை வி என்று வைத்துக்கொண்டால், உறிஞ்சு எண் = 4வி ÷ (வி+1)². கிடைத்தது 0.27. வந்த சக்தியில் 27 விழுக்காட்டை நார் வாங்கிக்கொண்டது, மீதி திரும்பிவிட்டது. மனக்கணக்குக்குச் சில எண்கள்: வித்தியாசம் 3 டெசிபல் என்றால் 0.97, 6 என்றால் 0.89, 10 என்றால் 0.73, 20 என்றால் 0.33, 30 என்றால் 0.12.

பள்ளத்தின் தூரம் எதற்கு? வெறும் சுவரில் முதல் பள்ளம் கால் அலைநீளத்தில் இருக்கும் என்றேன். நார் வைத்தால் அது நாரை நோக்கி நகரும், ஏனென்றால் அலை உள்ளே போய்த் தாமதமாகத் திரும்புகிறது. அந்த நகர்வும் உறிஞ்சு எண்ணும் சேர்ந்தால் பொருளின் ஒலி மறிப்பு, அதாவது ஒலி அலையை அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது, முழுவதும் கிடைத்துவிடும். பின்னால் தேவைப்படும், இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

பின்னால் விடும் இடைவெளி

0.27 என்றதும் மெத்தை கொண்டுவந்த பையனுக்கு ஏமாற்றம். எனக்கோ இதுதான் இந்த வேலையிலேயே பிடித்த இடம்.

உரசல் நடக்கக் காற்று ஆட வேண்டும். சுவரை ஒட்டிய காற்று ஆட முடியாது, சுவர் விடாது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் காற்று மிக வேகமாக ஆடுகிறது. 500 ஹெர்ட்ஸுக்கு அந்த இடம் 17.5 சென்டிமீட்டர். நாமோ 5 சென்டிமீட்டர் நாரைக் காற்று சோம்பிக் கிடக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு, குடிக்கவில்லை என்று குறை சொல்கிறோம்.

குழாய்க்குள் மூன்று குச்சிகளை முட்டுக்கொடுத்து, அதே துண்டைச் சிமெண்டிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்தினேன். வித்தியாசம் 22இலிருந்து 13ஆகக் குறைந்தது. உறிஞ்சு எண் 0.60. நார் அதே நார், எடை அதே 38 கிராம், இரு மடங்குக்கு மேல் குடித்தது, அதுவும் காசில்லாத காற்று இடைவெளியால். சுவரிலிருந்து அரை அலைநீளத்தில் காற்று மறுபடி சோம்பிக் கிடக்கும்; அந்த இடம் நாருக்குள் விழும் 1400 ஹெர்ட்ஸ் பக்கம் இதனால் கொஞ்சம் இழப்பு உண்டு, அதையும் உங்கள் வரைபடம் காட்டும். 5, 10, 15 சென்டிமீட்டர் என்று இடைவெளியை மாற்றி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உறிஞ்சு எண் என்று மூன்று வளைவுகள் வரையுங்கள். எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

முட்டை அட்டையையும் போட்டோம். என் அளவில் எந்த அதிர்வெண்ணிலும் அது நாரின் பக்கத்தில் வரவில்லை. மேடுபள்ளமாக இருப்பதால் அது உறிஞ்சும் என்று நினைக்கிறோம். ஆனால் உறிஞ்சுவதற்குக் காற்று உள்ளே போய் உரச வேண்டும், மேல் வடிவம் மட்டும் போதாது.

வளைவிலிருந்து காற்றோட்டத் தடைக்கு

இந்தப் பகுதிக்கு விரிதாள் தேவை. 1970இல் பிரிட்டனில் டெலானி, பேஸ்லி என்ற இருவர், நார்ப் பொருள்கள் பலவற்றை அளந்து, காற்றோட்டத் தடை ஒன்றே தெரிந்தால் ஒலி மறிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தார்கள். நாம் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தப் போகிறோம். தடைக்கு ஒரு மதிப்பை ஊகித்து, தடிமனைப் போட்டு, விரிதாளில் உறிஞ்சு வளைவை வரையுங்கள். அளந்த வளைவோடு ஒட்டவில்லையென்றால் ஊகத்தை மாற்றுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது விரிதாளில் இருக்கும் எண்தான் உங்கள் பொருளின் தடை. என் நாருக்குச் சதுர மீட்டருக்கு 2000 பாஸ்கல் வினாடி என்ற அளவில் நன்றாகப் படிந்தது. கண்ணாடி இழைக்கு இது பல மடங்கு கூடுதலாக இருக்கும். தென்னை இழை அதைவிட மிகத் தடிமன், காற்று அதில் விசாலமாக நடந்துபோகிறது.

அதிர்வெண்ணைத் தடையால் வகுத்தால் 0.01க்கும் 1க்கும் நடுவில் வர வேண்டும், அதற்கு வெளியே இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். அது பஞ்சு, நார் வகைக்கானது. துளைகள் ஒன்றோடொன்று சேராத நுரைக்குப் பொருந்தாது. ஊதிப் பாருங்கள், வாயால் ஊதிய காற்று மறுபக்கம் வரவில்லையென்றால் அது இந்தக் கட்டுரைக்கான பொருளே இல்லை.

வசதி கிடைக்கும்போது இரட்டை மைக் முறைக்குப் போகலாம். குழாயின் சுவரில் இரண்டு மைக் நிலையாக இருக்கும், இரைச்சலை ஒரே முறை விட்டு எல்லா அதிர்வெண்ணையும் கணினி பிரித்துக்கொள்ளும். நேரம் மிச்சம். ஆனால் இரண்டு மைக்கும் ஒத்துப்போக வேண்டும், மாற்றி வைத்து இரண்டு முறை அளந்து சரிக்கட்ட வேண்டும். முதல் குழாயைக் கம்பியோடு செய்தவருக்குத்தான் அந்த எண்கள் தப்பாக வரும்போது சந்தேகம் வரும். 1600க்கு மேலே அளக்க வேண்டுமென்றால் 2 அங்குலக் குழாயில் இன்னொன்று செய்யுங்கள், ஏறக்குறைய 3900 வரை போகும். செம்பனைக் குலை நார், இலவம் பஞ்சு, பழைய கால்மிதி எல்லாம் சும்மா கிடைக்கும் துண்டுகள்.

ஒவ்வொரு துண்டின் டப்பாவிலும் எடை, தடிமன், வெப்பம், தேதி எழுதி ஒட்டுங்கள். பிறகு, எல்லாம் முடிந்து மூட்டை கட்டும் முன், துண்டை எடுத்துவிட்டு வெறும் குழாயை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். உறுமிப் பையன்களுக்காக அளந்த முதல் நாள் கடைசியில் அப்படி அளந்தபோது 40 டெசிபல் வர வேண்டிய இடத்தில் 26 வந்தது. கம்பித் துளையைச் சுற்றியிருந்த களிமண் காய்ந்து வெடித்திருந்தது, எப்போது வெடித்தது என்று தெரியாது. அன்று எடுத்த எண்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மறுநாள் விடிகாலை புதுக் களிமண்ணோடு 250இலிருந்து மறுபடி தொடங்கினோம்.